அகலப்பட்டை ரெஃப்ளெக்டரே ஆன்டெனா வடிவமைப்பு: ஹார்ன் நிற்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ரெஃப்ளெக்டரே ஆன்டெனா என்பது, செல்கள் எனப்படும் சிறு செப்பு வடிவங்கள் நூற்றுக்கணக்கில் அச்சான தட்டையான தட்டு; எதிரே நிற்கும் ஹார்ன் என்ற விரிந்த வாய் ஆன்டெனா அனுப்பும் அலையை அது ஒரே திசையில் கற்றையாகத் திருப்புகிறது. முதன்முதலாக அதைச் செய்யத் தொடங்கியபோது, நான்கு மாதங்களை ஒற்றைச் செல்லின் வடிவத்தைச் செதுக்குவதிலேயே செலவழித்தேன். தகடு அச்சாகி வந்த பிறகுதான் ஆய்வகத்து அலமாரியில் இருந்த ஹார்ன்களில் ஒன்றை எடுத்து, ஏதோ ஒரு தூரத்தில் நிறுத்தி அளந்தேன். கெயின் (கற்றையின் திசையில் ஆற்றல் எத்தனை மடங்கு குவிகிறது என்ற அளவு) கணக்கிட்டதைவிடக் குறைவாக வந்ததோடு, அதிர்வெண்ணை மாற்றும்போதெல்லாம் கற்றையும் பக்கவாட்டில் நகர்ந்தது. குறை செல்லில் இல்லை, ஹார்ன் நின்ற இடத்தில் இருந்தது என்பது இரண்டாவது தகட்டுக்குப் பணம் கட்டிய பிறகே எனக்குப் புரிந்தது. நீங்கள் முதல் தகட்டிலேயே தப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக, நான் பின்னர் கடைப்பிடித்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டு முழுவதும் ஒன்றுதான்: மைய அதிர்வெண் 10 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 30 மில்லிமீட்டர், தட்டின் விட்டம் 300 மில்லிமீட்டர். அதாவது பத்து அலைநீளம். உங்கள் அதிர்வெண் வேறாக இருந்தால், நீளங்களை அலைநீளத்தின் விகிதத்தில் மாற்றிக்கொண்டால் போதும்.

1. தேவைகளை ஒரே தாளில் எழுதுங்கள்

மைய அதிர்வெண், தேவைப்படும் பட்டை அகலம், கெயின், கற்றை நோக்க வேண்டிய திசை, முனைவாக்கம் (அலையின் மின்புலம் அசையும் திசை), தட்டுக்கும் ஹார்னுக்கும் சேர்த்துக் கிடைக்கும் இடம் ஆகிய ஆறும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பட்டை அகலத்தை "கெயின் 1 டெசிபெல் குறையும் வரை" என்று வரையறுத்து எழுதுங்கள். ஹார்னின் பிரதிபலிப்பு இழப்பை (ஹார்னுக்கு அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவை) வைத்துப் பட்டை அகலத்தைச் சொல்பவர்கள் உண்டு. ரெஃப்ளெக்டரேவில் அந்த எண் தட்டைப் பற்றி எதையும் சொல்லாது.

300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டு 10 கிகாஹெர்ட்ஸில் தரக்கூடிய உச்ச இயக்குமை (இழப்பே இல்லாதபோது கிடைக்கும் கெயின்) ஏறக்குறைய 29.9 டிபிஐ, அதாவது எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் ஆன்டெனாவோடு ஒப்பிட்ட டெசிபெல். மொத்தத் திறன் 50 விழுக்காடு என்று கொண்டால் 26.9 டிபிஐ கிடைக்கும். உங்கள் ஆசிரியரோ வாடிக்கையாளரோ 29 டிபிஐ கேட்டால், இந்தக் கட்டத்திலேயே தட்டைப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

2. கையில் இருக்கும் ஹார்னை அளந்துகொள்ளுங்கள்

ஹார்னின் கதிர்வீச்சுப் பாங்கைக் கொசைனின் ஓர் அடுக்காகக் கொள்வது இத்துறையில் வழக்கம். அந்த அடுக்கைக் கியூ என்பார்கள். ஹார்னின் கெயினைச் சாதாரண எண்ணாக மாற்றி, இரண்டால் வகுத்து, ஒன்றைக் கழித்து, மீண்டும் இரண்டால் வகுத்தால் கியூ கிடைக்கும். 14.5 டிபிஐ என்பது 28 மடங்கு. எனவே கியூ 6.5.

ஹார்ன் தட்டிலிருந்து 240 மில்லிமீட்டர் தூரத்தில், நடுவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டின் விளிம்பு ஹார்னின் அச்சிலிருந்து 32 டிகிரியில் தெரியும். கியூ 6.5 ஆக இருந்தால், விளிம்பில் விழும் ஒளியூட்டம் (ஹார்னிலிருந்து வந்து விழும் அலையின் வலிமை) மையத்தைவிட ஏறக்குறைய 10.7 டெசிபெல் குறைந்திருக்கும். ஹார்ன் வெளியிடும் ஆற்றலில் 90 விழுக்காடு தட்டின் மீது விழும். இது நல்ல இருப்பு. ஆய்வகங்களில் 15 டெசிபெல் தரநிலை ஹார்ன் பொதுவாக இருக்கும் என்பதால், இந்தத் தூரத்துக்கு வேறு ஹார்ன் வாங்க வேண்டியதில்லை.

நான் செய்த தவறு 10 டிபிஐ ஹார்னை எடுத்தது. அதன் கியூ 2 மட்டுமே. அதே தூரத்தில் 56 விழுக்காடு ஆற்றல்தான் தட்டில் விழுகிறது. மீதி தட்டைத் தாண்டிப் பின்பக்கம் சிந்திவிடுகிறது. எதிர்த் திசைத் தவறும் உண்டு. 20 டிபிஐ ஹார்னை வைத்தால் விளிம்பில் ஒளியூட்டம் 36 டெசிபெல் வரை குறைந்துவிடும். பணம் கொடுத்து அச்சிட்ட வெளிவட்டச் செல்கள் வெறுமனே உட்கார்ந்திருக்கும்.

பட்டை முழுவதிலும் குறைந்தது மூன்று அதிர்வெண்களில் ஹார்னின் பாங்கை அளந்தோ உருவகப்படுத்தியோ வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஹார்னின் கட்ட மையத்தையும் (அலை எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புவதுபோல் தோன்றுகிறதோ அந்தப் புள்ளியை) கண்டுபிடியுங்கள். அது ஹார்னின் வாயில் இருக்காது, சற்று உள்ளே இருக்கும்; அதிர்வெண் மாறும்போது நகரும்; பிரமிடு ஹார்னில் மின்தளத்துக்கும் காந்தத்தளத்துக்கும் வேறு வேறு இடத்தில் இருக்கும். நடுவான ஓர் இடத்தைத் தேர்ந்து, இனி எல்லாத் தூரங்களையும் அதிலிருந்தே அளக்க வேண்டும்.

3. தூரத்தைத் தீர்மானியுங்கள்

ஹார்னின் தூரத்தைத் தட்டின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப்/டி விகிதம். பட்டை அகலத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு. ஹார்னிலிருந்து மையச் செல்லுக்கும் விளிம்புச் செல்லுக்கும் உள்ள பாதை வேறுபாட்டைச் செல்கள் தங்கள் கட்டத்தால், அதாவது ஃபேஸால், ஈடுசெய்கின்றன. பாதை வேறுபாடு மில்லிமீட்டரில் நிலையானது. அதைக் கட்டமாக மாற்றினால் அதிர்வெண்ணோடு மாறும். செல்லோ மைய அதிர்வெண்ணுக்குரிய கட்டத்தையே தரப் பார்க்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் பட்டையின் ஓரங்களில் பிழையாக வந்து நிற்கிறது.

நம் தட்டில் எஃப்/டி 0.5 என்றால் பாதை வேறுபாடு 62 மில்லிமீட்டர், அதாவது 745 டிகிரி. 0.8 என்றால் 43 மில்லிமீட்டர், 516 டிகிரி. 1.0 என்றால் 35 மில்லிமீட்டர், 425 டிகிரி. அதிர்வெண் 10 விழுக்காடு விலகினால் விளிம்பில் வரும் பிழை இவற்றில் பத்தில் ஒரு பங்கு: முறையே 75, 52, 43 டிகிரி.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பத்து அலைநீளத் தட்டில் 52 டிகிரி விளிம்புப் பிழையால் கெயின் அரை டெசிபெல்கூடக் குறையாது. இந்த அளவில் பட்டையை இறுக்குவது செல்தான். அதே 0.8 விகிதத்தில் தட்டை முப்பது அலைநீளமாக்கினால் பிழையும் மும்மடங்காகி 155 டிகிரியைத் தொடும், அப்போது எவ்வளவு நல்ல செல்லாலும் காப்பாற்ற முடியாது. ஆகவே சிறிய தட்டு செய்பவர் எஃப்/டி விகிதத்தை ஒளியூட்டத்துக்காகவும் படுகோணத்துக்காகவும் (அலை தட்டின் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்து விழுகிறது என்பதற்காகவும்) தேர்ந்தெடுக்கிறார். பெரிய தட்டு செய்பவர் முதன்மையாகப் பட்டைக்காகத் தேர்ந்தெடுக்கிறார்.

"அப்படியானால் எஃப்/டி 1.5 என்று வைத்துவிடலாமே" என்று தோன்றும். தூரம் கூடினால் கெயின் கூடிய, அதனால் உருவத்திலும் பெரிய ஹார்ன் தேவைப்படும். அது நடுவில் நின்றால் அதிகம் மறைக்கும். தாங்கு கால்கள் நீண்டு ஆடும். 0.7 முதல் 1.0 வரை உள்ள எல்லையை விட்டு வெளியே போக வலுவான காரணம் வேண்டும்.

4. நடுவில் நிறுத்துவதா, சாய்த்து நிறுத்துவதா

நடுவில் நிறுத்தினால் சமச்சீர் கிடைக்கும், குறுக்கு முனைவாக்கம் (வேண்டிய முனைவாக்கத்துக்குக் குறுக்கான திசையில் கசியும் ஆற்றல்) குறையும், கணக்கும் எளிது. ஆனால் ஹார்னும் அதன் கேபிளும் கற்றையின் நடுவே நிற்கும். 15 டெசிபெல் ஹார்னின் வாய் நம் தட்டின் பரப்பில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை மறைக்கும். மறைபடுவது ஒளியூட்டம் மிகுந்த நடுப்பகுதி என்பதால் இழப்பு அரை டெசிபெல்லைத் தாண்டும். பக்கக் கற்றைகளும் உயரும். முதல்முறை செய்பவருக்கு இந்த இழப்பு பரவாயில்லை என்றால் நடுவிலேயே நிறுத்துங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாய்த்து நிறுத்துவதாக இருந்தால், கற்றையை எந்தத் திசையில் அனுப்புகிறீர்கள் என்பது மிக முக்கியம். ஹார்னைச் செங்குத்திலிருந்து 25 டிகிரி இடப்பக்கம் சாய்த்து, மையத்திலிருந்து 240 மில்லிமீட்டரில் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். கற்றையைத் தட்டுக்கு நேர் செங்குத்தாக அனுப்பினால், ஈடுசெய்ய வேண்டிய பாதை ஓர் ஓரத்தில் 223 மில்லிமீட்டராகவும் மறு ஓரத்தில் 332 மில்லிமீட்டராகவும் இருக்கும். வேறுபாடு 109 மில்லிமீட்டர். அதுவும் ஒரே பக்கமாக ஏறிச் செல்லும் வேறுபாடு. அதிர்வெண் 5 விழுக்காடு மாறினால் கற்றை ஏறக்குறைய 1 டிகிரி சாய்ந்துவிடும். கற்றை 25 டிகிரி வலப்பக்கம், அதாவது வெறும் கண்ணாடியாக இருந்தால் எந்தத் திசையில் பிரதிபலிக்குமோ அதே திசையில் போனால், வேறுபாடு 46 மில்லிமீட்டராகக் குறைகிறது. ஒருபக்க ஏற்றம் பெரும்பாலும் மறைந்து, கற்றை விலகலும் அடங்குகிறது. செல்களால் கட்டுப்படுத்தப்படாமல் நேராகப் பிரதிபலிக்கும் ஆற்றலும் முதன்மைக் கற்றைக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. ஆய்வாளர்கள் டார்கான்ஸ்கியும் போசாரும் 1996இல் காட்டிய வழி இது. நம் தட்டில் கற்றை அகலம் 7 டிகிரி அளவில் இருப்பதால் 1 டிகிரி விலகல் சிறியதாகத் தெரியலாம். 2 டிகிரிக் கற்றை உள்ள பெரிய தட்டில் அது பாதிக் கற்றை.

20 டிகிரி போதாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் வரைந்தேன். ஹார்ன் பக்கத்து ஓரச் செல்லிலிருந்து கிளம்பும் கதிரைத் தாளில் வரைந்து பார்த்தால், அது ஹார்னின் வாயில் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் உள்ளே முட்டுகிறது. 25 டிகிரியில் அதே கதிர் ஹார்னைத் தொடாமல் 21 மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது. அளவுகோலும் பென்சிலும் வைத்துக் கால் மணி நேரத்தில் செய்யக்கூடிய இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

இன்னொரு பொறி ஹார்ன் நோக்கும் புள்ளியில் இருக்கிறது. சாய்த்த ஹார்னைத் தட்டின் மையத்தை நோக்கித் திருப்பினால், அருகிலுள்ள ஓரத்தில் ஒளியூட்டம் 12.5 டெசிபெல்லும் தூரத்து ஓரத்தில் 8 டெசிபெல்லும் குறைந்திருக்கும். அதாவது தூரத்து ஓரத்தில் சிந்தல் கூடும். மையத்திலிருந்து ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் ஹார்ன் பக்கமாக நோக்கினால் இரண்டு ஓரங்களும் 10 டெசிபெல் அளவில் சமமாகின்றன. கட்ட மையத்தை நகர்த்தாமல் ஹார்னின் முகத்தை மட்டும் திருப்ப வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

5. இப்போது செல்லுக்கு வாருங்கள்

தூரமும் சாய்வும் முடிவான பின் செல்லிடம் என்ன கேட்க வேண்டும் என்பது எண்களாகவே உங்கள் கையில் இருக்கும். நம் சாய்வமைப்பில் படுகோணம் ஓர் ஓரத்தில் 13 டிகிரி, மறு ஓரத்தில் 49 டிகிரி. எனவே செல்லை 0, 15, 30, 45 டிகிரிகளில், இரண்டு முனைவாக்கங்களுக்கும் உருவகப்படுத்த வேண்டும். நடுவில் நின்று எஃப்/டி 0.8 உள்ள அமைப்பில் 32 டிகிரிக்கு மேல் போகாது; அங்கே செங்குத்துப் படுகோணக் கணக்கே பெரும்பாலும் போதுமானது.

ஒற்றை அடுக்கில், மெல்லிய சப்ஸ்ட்ரேட்டின் (செப்பைத் தாங்கும் மின்காப்புத் தகட்டின்) மேல் அளவு மாறும் சதுரப் பேட்சுகளை (செப்புத் துண்டுகளை) வைப்பது எல்லாரும் தொடங்கும் இடம். அதன் கட்ட வளைவு ஒத்ததிர்வுக்கு அருகில் செங்குத்தாக ஏறும். அளவில் ஒரு மில்லிமீட்டருக்கு 200 டிகிரி மாறுகிற இடத்தில், அச்சுப் பிழை 0.05 மில்லிமீட்டர் இருந்தாலே 10 டிகிரி போய்விடும், பட்டையும் ஒடுங்கும். சப்ஸ்ட்ரேட்டைத் தடிமனாக்கினால் வளைவு சாயும், ஆனால் மொத்த வீச்சு 360 டிகிரிக்கு எட்டாமல் நின்றுவிடும். வழி, ஒன்றுக்கு மேற்பட்ட ஒத்ததிர்வுகளைச் சேர்ப்பது. ஆய்வாளர் என்சினார் 2001இல் காட்டியது போல் பேட்சுகளை இரண்டு அடுக்காக அடுக்கலாம். அல்லது ஒரே அடுக்கில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுர வளையங்களை வைக்கலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். அடுக்குகளை ஒட்டும்போது வரும் நேர்ப்படுத்தல் தொல்லை அதில் இல்லை. 0.5 மில்லிமீட்டர் அளவுள்ள குறை இழப்புச் சப்ஸ்ட்ரேட், அதன் பின்னால் 3 மில்லிமீட்டர் நுரைத்தகடு, அதன் பின்னால் உலோகத் தளம் என்பது இந்த அதிர்வெண்ணுக்குப் பொருத்தமான அடுக்கு. செல் இடைவெளி 12 மில்லிமீட்டர். வட்டத்துக்குள் ஏறத்தாழ 490 செல்கள் அடங்கும். 15 மில்லிமீட்டர் வைத்தால் 49 டிகிரிப் படுகோணத்தில், 11 கிகாஹெர்ட்ஸில், கிரேட்டிங் கற்றை (வேறு திசையில் வேண்டாமல் எழும் இன்னொரு பெரிய கற்றை) எழும் எல்லையை உரசும்.

அளவோடு கட்டம் மாறும் வளைவுகளைப் பட்டையின் அடி, நடு, முடி ஆகிய மூன்று அதிர்வெண்களில் ஒரே வரைபடத்தில் இடுங்கள். அவை ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இணையாக இல்லாத அளவுகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள், வீச்சு சற்றுக் குறைந்தாலும் சரி.

உருவகத்தில் ஃப்ளோகே போர்ட்டின் (செல்லின் மேல் அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும் கற்பனை வாயிலின்) குறிப்புத் தளத்தைச் செல்லின் மேற்பரப்புக்கே கொண்டுவர வேண்டும். இதை மறந்தால் மைய அதிர்வெண்ணில் ஒரு மாறிலிதான் கூடும், கெடுதல் ஒன்றும் தெரியாது. ஆனால் வெவ்வேறு அதிர்வெண்களையும் படுகோணங்களையும் ஒப்பிடும்போது காற்றில் உள்ள அந்தத் தூரமும் கணக்கில் கலந்து, நல்ல செல்லையே மோசமானதாகக் காட்டும். நான் இரண்டு நல்ல வடிவங்களை இப்படித்தான் தூக்கி எறிந்தேன்.

6. கட்டக் கணக்கும் நிரலும்

ஒவ்வொரு செல்லுக்கும் ஹார்னின் கட்ட மையத்திலிருந்து உள்ள தூரத்தைக் கணக்கிட்டு, கற்றையின் திசையில் அந்தச் செல்லின் முன்னேற்றத்தைக் கழித்து, அலையெண்ணால் (360 டிகிரியை அலைநீளத்தால் வகுத்ததால்) பெருக்கினால் தேவைப்படும் கட்டம் வரும். இதோடு ஒரு மாறிலியை எல்லாச் செல்களுக்கும் பொதுவாகக் கூட்டலாம். பலர் அதைச் சுழியாக விட்டுவிடுகிறார்கள். அதை 0 முதல் 360 வரை பத்துப் பத்து டிகிரியாக மாற்றி, மூன்று அதிர்வெண்களிலும் மொத்தப் பிழை எதில் குறைவு என்று பார்த்துத் தேர்ந்தால், செலவே இல்லாமல் பட்டை சற்று விரியும். ஒளியூட்டம் மிகுந்த நடுச் செல்களின் பிழைக்கு அதிக எடை கொடுங்கள்.

குறியில் வரும் தவறு மிகவும் கொடியது. உருவக மென்பொருள் கட்டத்தை எந்தக் குறியில் தருகிறது என்று சரிபார்க்காமல் விட்டால், தட்டு அலையைக் குவிப்பதற்குப் பதிலாக விரித்துவிடும். எல்லாச் செல்களுக்கும் ஒரே கட்டத்தைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கற்றை கண்ணாடித் திசையில் விரிந்து போக வேண்டும். பிறகு சரியான கட்டங்களைக் கொடுங்கள். கூர்மையான கற்றை வர வேண்டும். இந்தக் கணக்கை நீங்களே சிறு நிரலாக எழுதிவிடலாம், சாதாரண மடிக்கணினியே போதும். முழுத் தட்டையும் ஒன்றாக உருவகப்படுத்துவதற்குத்தான் நினைவகம் மிகுந்த பணிநிலையம் தேவை. அதற்கு முன்பதிவு இருந்தால் இப்போதே செய்துவிடுங்கள்.

7. தகடு ஆர்டர் செய்யும்போது

இங்கேதான் பணம் போகும். குறை இழப்புச் சப்ஸ்ட்ரேட்டின் விலை சாதாரண எஃப்ஆர்4 (மலிவான கண்ணாடியிழை) தகட்டைப் போலப் பல மடங்கு. எஃப்ஆர்4இன் இழப்புக் கெழு 0.02 அளவில் இருப்பதால், ஒத்ததிர்வுக்கு அருகில் செல்கள் ஆற்றலை விழுங்கும். பயிற்சித் தகட்டுக்கு அது சரி, அளவிடப்போகும் தகட்டுக்கு வேண்டாம்.

ரோஜர்ஸ் ஆர்ஓ4003சி போன்ற தகடுகள் 12க்கு 18 அங்குல அளவில் வருகின்றன. 12 அங்குலம் என்பது 304.8 மில்லிமீட்டர். 300 மில்லிமீட்டர் தட்டு அதில் அடங்கும் என்று நம்பி விலைப்புள்ளி கேட்டேன். பிடிமான ஓரம் வேண்டும் என்பதால் 24க்கு 18 அங்குலத் தகட்டுக்கே விலை வந்தது. 280 மில்லிமீட்டராகச் சுருக்கியிருந்தால் கெயினில் 0.6 டெசிபெல்தான் குறைந்திருக்கும். விட்டத்தை முடிவு செய்யும் நாளிலேயே அச்சகத்திடம் ஓர அளவைக் கேட்டுவிடுங்கள்.

அனுப்ப வேண்டியவை: கெர்பர் கோப்பு (அச்சிட வேண்டிய செப்பு வடிவங்களின் கோப்பு), துளைக் கோப்பு, அடுக்கு விவரத் தாள், செப்புத் தடிமன், அச்சுத் துல்லிய எல்லை. அவற்றோடு "சோல்டர் மாஸ்க் வேண்டாம்" என்று தனியாக எழுதுங்கள். எழுதாவிட்டால் வழக்கம்போல் பச்சைப் பூச்சோடு வரும், ஒத்ததிர்வு நகரும். ஈயப்பூச்சும் வேண்டாம். தகட்டின் ஓரத்தில் ஹார்ன் பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி ஒன்றைச் செப்பிலேயே பொறித்துவிடுங்கள். சாய்வமைப்பில் தகட்டைத் தலைகீழாக மாட்டினால் எதுவும் வேலை செய்யாது. வெளிநாட்டிலிருந்து சப்ஸ்ட்ரேட் வரவழைக்க வேண்டியிருந்தால் சுங்கமும் காத்திருப்பும் சேரும். எனக்கு ஆர்டரிலிருந்து தகடு கைக்கு வர ஏழு வாரம் ஆனது.

8. பொருத்துதல்

தட்டு 1 மில்லிமீட்டர் வளைந்தால் பாதை 2 மில்லிமீட்டர் மாறும். அது 24 டிகிரி. ஆகவே நுரைத்தகட்டை ஒட்டியதோடு விடாமல், நைலான் திருகுகளால் பல இடங்களில் பின்தகட்டோடு இறுக்குங்கள்.

ஹார்னின் இடத்தில் எந்தப் பிழை எவ்வளவு பாதிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் வீண் பதற்றம் குறையும். நடுவில் நிற்கும் ஹார்ன் அச்சின் வழியே 5 மில்லிமீட்டர் முன்னோ பின்னோ நகர்ந்தால், விளிம்பில் வரும் கட்டப் பிழை 9 டிகிரிதான். எஃப்/டி 0.5 ஆக இருந்தால் அது 18 டிகிரி. பக்கவாட்டில் அதே 5 மில்லிமீட்டர் நகர்ந்தாலோ கற்றை 1 டிகிரிக்குமேல் திரும்பிவிடும். 30 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்பவருக்கு முதல் பிழையே மும்மடங்கு. எனவே பக்கவாட்டு நேர்ப்படுத்தலுக்கு அதிக நேரம் கொடுங்கள். ஹார்னுக்கு அலையைக் கொண்டுவரும் அலைவழிகாட்டிக் குழாயின் வாயில் லேசர் ஒன்றைப் பொருத்தி, ஒளிப்புள்ளி தட்டில் நீங்கள் குறித்த இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பது எளிய வழி.

ஹார்னைப் பிடிக்கும் தாங்கியில் வட்டத் துளைகளுக்குப் பதிலாக, மூன்று திசைகளிலும் 10 மில்லிமீட்டர் நகர்த்தக்கூடிய நீள்துளைகளை இடுங்கள். கால்கள் உலோகமாக இருந்தால் அவையே சிதறடிக்கும். அக்ரிலிக் அல்லது முப்பரிமாண அச்சு நெகிழி நல்லது.

9. அளவிடும் நாள்

தொலைபுலத் தூரம் (கற்றை முழு வடிவம் பெற்று நேரடியாக அளக்கத்தக்க குறைந்தபட்சத் தூரம்) விட்டத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தது; நம் தட்டுக்கு 6 மீட்டர். உங்கள் நிறுவனத்தின் எதிரொலியற்ற அறை அதைவிடச் சிறியதாக இருந்தால், அண்மைப்புல (அருகில் அளந்து, தொலைவுப் பாங்கைக் கணக்கிடும்) அளவீட்டு வசதி உள்ள இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் மணிக்கணக்கில் கட்டணம், வரி தனி. முன்பதிவுக் கடிதம், துறைத்தலைவரின் ஒப்பம், ஆன்டெனாவின் எடையும் பொருத்து துளைகளின் வரைபடமும், இணைப்பான் வகை ஆகியவற்றை முன்கூட்டியே அனுப்புங்கள். துளை வரைபடம் அனுப்பாமல் போய், அவர்களுடைய சுழல்மேடையில் மாட்ட முடியாமல் அரைநாள் கட்டணத்தை வீணாக்கினேன்.

தேவை என்று நினைக்கும் நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பதிவு செய்யுங்கள். முதலில் 10 கிகாஹெர்ட்ஸில் மட்டும் அளந்து, கற்றை எதிர்பார்த்த கோணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஹார்னைப் பக்கவாட்டில் 2 மில்லிமீட்டர் நகர்த்தி மறுபடி அளங்கள். திசை சரியான பிறகு அச்சின் வழியே முன்னும் பின்னும் 5 மில்லிமீட்டர் நகர்த்தி, கெயின் உச்சத்தைத் தேடுங்கள். அதன் பின்னரே 8.5 முதல் 11.5 கிகாஹெர்ட்ஸ் வரை 0.25 இடைவெளியில் முழு அளவீட்டைத் தொடங்குங்கள். ஒவ்வொரு நிலையிலும் தாங்கியின் மேல் பேனாவால் கோடு போட்டு எண் எழுதி வைத்தால், ஊருக்குத் திரும்பிய பிறகு எந்த அளவீடு எந்த இடத்துக்கு உரியது என்று தேட வேண்டியிராது.